மனாகுவாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

கேள்வி: என் மகள் வேலை நிமித்தம் நிகரகுவாவின் தலைநகரான மனாகுவாவில் இருக்கிறாள். "பார்க்க ஒன்றுமில்லாத ஊர், அம்மா, வந்திறங்கியதும் கிரனாடாவுக்குப் போய்விடுவோம்" என்கிறாள். பக்கத்திலுள்ள மசாயா எரிமலைப் பூங்காவைப் பார்க்க எனக்கு ஆசை. எனக்குத் தொய்வும் உண்டு. உங்கள் ஆலோசனை என்ன?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. தலைநகரம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் பழைய கட்டடங்களும், மாலையில் சனம் நடந்து திரியும் கடைவீதியும் மனாகுவாவில் இல்லை. முன்பு இருந்தன. 1972 டிசம்பர் 23 ஆம் திகதி நள்ளிரவு கடந்து அரை மணி நேரமளவில் வந்த பூமியதிர்ச்சி, ஆயிரக்கணக்கான உயிர்களோடு நகரின் நடுப்பகுதியையும் கொண்டுபோய்விட்டது. அடியிலேயே நிலப்பிளவுகள் ஓடுவதாலும், நிவாரணப் பணத்தில் அன்றைய சொமோசா ஆட்சி கைவைத்ததாலும், அந்தப் பகுதி பழையபடி எழும்பவில்லை. பழைய பேராலயத்தின் வெளியே நின்று, அன்றைய இரவோடு நின்றுபோன கோபுரக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான், சுற்றியிருந்த வெட்டவெளியின் காரணம் எனக்கு உறைத்தது.

அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. "சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு" என்பது போலத்தான் முகவரி சொல்வார்கள். அந்த மரம் இப்போது இல்லை என்பது வேறு விடயம். ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. காலி வீதியில் கடற்பக்கமா, தரைப்பக்கமா என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு இது இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நகரில் நான் தவறவிடக்கூடாது என்று சொல்வது அக்காவலிங்காவில் உள்ள காலடித் தடங்களை. ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் பெரியவர்களும் சிறுவர்களும் ஈரச் சேற்றில் நடந்துபோன சுவடுகள் அவை; குதிகால் அழுந்திய ஆழம்கூடத் தெரிகிறது. அந்தச் சேறு மசாயா எரிமலை கக்கிய சாம்பல். ஆகவே தலைநகரை ஒதுக்கிவிட்டு எரிமலையை மட்டும் பார்ப்பது, கதையின் பின்பாதியை மட்டும் வாசிப்பது போன்றது. முதல் நாள் காலை தடங்கள், பிறகு பேராலயம்; அவ்வளவு போதும், இரவு தங்க வேண்டியதில்லை.

மசாயா 1979 இல் நிகரகுவாவின் முதல் தேசியப் பூங்காவானது. மனாகுவாவிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர். மலையேற வேண்டியதில்லை, வாய் விளிம்புவரை தார்வீதி போகிறது. அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் தாமதிக்கக்கூடாது என்பதற்காக, வாகனத்தை முகப்பு வெளியே பார்க்க நிறுத்தச் சொல்வார்கள். அந்திப்பொழுதில் பச்சைக் கிளிகள் கூட்டமாக வந்து, நம்மை இருமவைக்கும் அதே புகைக்குள் புகுந்து, வாயின் சுவரிலுள்ள பொந்துகளில் அடைகின்றன.

தொய்வு உள்ளவர்களுக்கு அங்கிருந்து வரும் கந்தக வாயு நேரடி எதிரி. நீங்கள் விளிம்புக்குப் போகாமல் கீழேயே நிற்பதுதான் சரி என்பேன். எப்படியானாலும் புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள், இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். 2024 மார்ச்சில் உட்சுவர் சரிந்து லாவா ஏரியை மூடியதோடு பூங்காவையும் மூடினார்கள். எனவே அனுமதி உண்டா என்று மகளிடம் முதல் நாளே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மசாயாவில் தங்கம் தேடி ஒரு துறவி இறங்கினாராமே, உண்மையா?
- வாசகர், தெகிவளை

பதில்: உண்மை. 1538 இல் பிளாஸ் தெல் காஸ்தில்லோ என்ற ஸ்பானியத் துறவி, கொதிக்கும் லாவாவை உருகிய பொன் என்று நம்பி வாய்க்குள் இறங்கினார். கிடைத்தது கசடு.