கணினி கேள்வி-பதில்: நிறுவனம் கைமாறினால் இயங்குதளம் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தின் சர்வர்களை முழுவதுமாக லினக்சுக்கு மாற்றலாம் என்று கல்லூரி முதல்வருக்குக் குறிப்பு எழுதினேன். சன் என்ற கணினி நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பின் அதன் ஓப்பன் சோலாரிஸ் இயங்குதளம் மறைந்ததையும், ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கிய பின் சென்ட் ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் நின்றுபோனதையும் சுட்டிக்காட்டி, நாளை இதையும் ஒருவர் வாங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கிறார். என்ன பதில் சொல்லலாம், ஐயா?
– கணினி ஆய்வகப் பொறுப்பாளர், திருமங்கலம்

பதில்: முதல்வரின் கவலை நியாயமானது. ஆனால் அவர் சொன்ன இரண்டும் ஒரே வகை நிகழ்வுகள் அல்ல.

சன் நிறுவனம் 2005-ல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் (மென்பொருளாக மாறுமுன் மனிதர் எழுதிய வரிகளில்) பெரும்பகுதியை ஓப்பன் சோலாரிஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆயினும் வெளியிலிருந்து நிரல் எழுதித் தருபவர்கள், அதன் பதிப்புரிமையைச் சன்னுடன் பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இதனால் மொத்த நிரலையும் விரும்பிய நிபந்தனையில் வெளியிடும் உரிமை சன்னிடமே குவிந்திருந்தது. ஏறத்தாழ 740 கோடி டாலர் மதிப்பில் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கி 2010 ஜனவரியில் கொள்முதலை முடித்தபோது, அந்த உரிமையும் கூடவே கைமாறியது. (அதற்கு முந்தைய ஆண்டு சன்னை முதலில் விலை பேசியது ஐபிஎம்தான். அந்தப் பேரம் படிந்திருந்தால் முதல்வரின் இரண்டு உதாரணங்களிலும் ஒரே பெயர் வந்திருக்கும்.) 2010 ஆகஸ்டில் ஆரக்கிள் ஓப்பன் சோலாரிசைக் கைவிட்டு, புதிய நிரலை அன்றாடம் வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டது.

ஆனால், ஏற்கெனவே வெளியிட்டதைத் திரும்பப் பெற அதனால் இயலவில்லை. அதே மாதத்தில், வெளியான நிரலை எடுத்துத் தனியே வளர்க்கும் இல்லூமோஸ் என்ற கிளைத் திட்டமும், அடுத்த மாதத்தில் அதன்மேல் அமைந்த ஓப்பன்இண்டியானாவும் அறிவிக்கப்பட்டன. சி மொழியில் எழுதிய நிரல்களுக்கு அடிப்படையான நிரலகத்தின் பன்மொழிப் பகுதி போன்று சன் ஒருபோதும் திறக்காத சில துண்டுகளை அவர்கள் புதிதாக எழுத வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாதி திறந்த கதவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. சோலாரிசுக்காக எழுதப்பட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஏற்பாடு) இன்று லினக்சிலும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்திலும் இயங்குவது, அந்த 2005 முடிவின் பயன்.

ரெட் ஹேட் கதை வேறு. 3,400 கோடி டாலர் மதிப்பிலான கொள்முதலை ஐபிஎம் 2018 அக்டோபரில் அறிவித்து, 2019 ஜூலையில் முடித்தது. ரெட் ஹேட் வெளியிட்ட மூலநிரலிலிருந்தே இலவசப் பதிப்பைக் கட்டித் தந்து, தன்னார்வலர்கள் நடத்திவந்த சென்ட் ஓஎஸ் திட்டம், அதற்கு நெடுநாள் முன்பே, 2014-ல், ரெட் ஹேட்டின் குடைக்குள் போய்விட்டது. எட்டாம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களிடம், அது 2021 இறுதியோடு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். இங்கே மூலநிரல் பூட்டப்படவில்லை. பறிபோனது புதுப்பிப்புகளைப் பற்றிய வாக்குறுதியும் அந்தப் பெயரும்தான். அதனால்தான் அதே மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட அல்மாலினக்சும் ராக்கி லினக்சும் 2021-லேயே அந்த இடத்தை நிரப்ப முடிந்தது. மாசி வீதியில் ஒரு பழைய மிட்டாய்க் கடை கைமாறினால் பெயர்ப்பலகையும் கல்லாவும் புது முதலாளிக்குப் போகும். ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்ட பக்குவம் போகாது.

பின்னர் 2023 ஜூனில், தன் வணிகப் பதிப்பின் மூலநிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே தருவது, பொதுமக்களுக்கு, அந்தப் பதிப்புக்கு முன்னோட்டமாக வரும் சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் போதும் என்று ரெட் ஹேட் முடிவு செய்தது. மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும் என்பதே லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் என்ற உரிமத்தின் நிபந்தனை என்பதால், அதன் எழுத்தை இம்முடிவு மீறவில்லை; அதன் நோக்கத்துக்கு இது இசைவானதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆகவே முதல்வரிடம் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் பரிந்துரையுங்கள். 1993-ல் தொடங்கிய அத்திட்டத்துக்கு உரிமையாளர் என்று எந்த வணிக நிறுவனமும் இல்லை. அதன் வணிகக்குறியைக் காப்பதும் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பே. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கும் அடித்தளம் அதுதான். உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பும் அதிலிருந்து கிளைத்ததே என்றாலும், அதன் பெயரும் வெளியீடும் கனானிக்கல் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அது நாளை விற்கப்பட்டாலும், டெபியன் தெரிந்தவருக்கு மாறிக்கொள்வது பெரிய வேலையாக இராது.

கேள்வி: லினக்சையே ஒருவர் மொத்தமாக விலைக்கு வாங்கிவிட முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர், மதுரை

பதில்: முடியாது. லினக்ஸ் கருவின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) பதிப்புரிமை, அதில் நிரல் எழுதிய ஆயிரக்கணக்கானவர்களிடமும் அவர்களுடைய நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. உரிமத்தை மாற்றவேண்டுமென்றால் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். சோலாரிசுக்கு இல்லாமல்போன பாதுகாப்பு இதுவே.

கேள்வி: பெருநிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே போனால், மூலநிரலைத் திறந்து வைக்கும் திறமூல மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? இந்தத் துறையை நம்பிப் படிக்கலாமா?
– பொறியியல் மாணவி, உசிலம்பட்டி

பதில்: உரிமத்தால் காக்க முடியாத இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் கருவுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர்கள். இணைப்பு நடந்ததும் கணக்குப் பார்ப்பவர்களின் கண் முதலில் படுவது, நேரடி வருமானம் காட்டாத இத்தகைய குழுக்களின் மேல்தான். லினக்ஸ் பதிப்புகளை வெளியிட்டுவந்த மாண்ட்ரேக் என்ற பிரெஞ்சு நிறுவனமும் கொனெக்டிவா என்ற பிரேசில் நிறுவனமும் 2005-ல் இணைந்து மாண்ட்ரிவா ஆயின. 2010-ல் அங்கே வேலையிழந்தவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து மஜேயா என்ற கிளையைத் தொடங்கினார்கள். தாய் நிறுவனம் 2015-ல் கலைக்கப்பட்டது, கிளை பிழைத்துக்கொண்டது.

மறுபுறம் சூசே என்ற லினக்ஸ் நிறுவனம் நோவெல், அட்டாச்மேட், மைக்ரோ ஃபோக்கஸ், ஈக்யூடி என்று நான்கு கைகள் மாறியும் லினக்சில் தொடர்ந்து உழைக்கிறது. அதை வாங்கியவர்களுக்கு அங்கே விற்பதற்கு இருந்த சரக்கே லினக்ஸ்தான் என்பது முக்கியக் காரணம் என நினைக்கிறேன். வேலை தேடும்போது இதைக் கவனியுங்கள்: திறமூலம் அந்த நிறுவனத்தின் வருமானமா, விளம்பரமா?

படிப்பைப் பொறுத்தவரை, ஒரே நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வுகளோடு நின்றுவிடாமல், டெபியன் பொதிகளை (நிறுவுவதற்கு ஏற்ப மென்பொருளைக் கட்டிவைத்த தொகுப்புகளை) கட்டவும் அவற்றின் வழுக்களை, அதாவது பிழைகளை, திருத்தவும் பழகுங்கள். அந்த வேலையின் பதிவுகள் உங்கள் பெயரில் பொதுவெளியில் இருக்கும். முதலாளி மாறினாலும் அவற்றைக் காட்டி அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.