வலி குறைந்துவிட்டது, நடை தள்ளாடுகிறது

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. இரண்டு வருடமாக நடுமுதுகு வலி. டி10 எலும்பு (நடுமுதுகின் பத்தாவது முள்ளெலும்பு) அதற்கு அடுத்த டி11-க்கு மேல் லேசாகப் பின்னால் நகர்ந்திருப்பதாகவும், அங்கே தண்டுவடம் போகும் கால்வாய் குறுகியிருப்பதாகவும் எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. மாத்திரையில் வலி குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதமாகத் தள்ளாடி நடக்கிறார். செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. சர்க்கரையும் உண்டு. முதுகை நீவி எலும்பை உட்கார வைப்பவரிடம் கூட்டிப் போகச் சொல்கிறார்கள் உறவினர்கள். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது ஸ்கேன் அறிக்கை இல்லை, அந்தச் செருப்புதான். வலி குறைந்ததை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டுவடம் நசுங்கும்போது வலியே இல்லாமலும் இருக்கலாம். கால் விறைப்பு, தடுமாற்றம், மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமை இவைதான் கவனிக்க வேண்டியவை. மார்பையோ வயிற்றையோ பட்டை போட்டு இறுக்குவது போல இருக்கிறதா என்றும் அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். பலர் அதை வாயு என்று நினைத்துச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எலும்பு விலகினால் நசுங்குவது தனித்தனி நரம்புகள். கால் சுரீரென்று இழுக்கும், பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். நடுமுதுகில் மாட்டிக்கொள்வது தண்டுவடமே. அங்கே கால்வாய் இயற்கையிலேயே குறுகல், ரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் இடுப்பு வலி எப்படிச் சரியானது என்ற கதை இங்கே உதவாது.

நடுமுதுகு எலும்புகள் விலா எலும்புக் கூட்டோடு பிணைந்திருப்பதால் சுலபத்தில் நகராது. 11, 12-ஆம் விலா எலும்புகள் மட்டும் முன்பக்கம் எதோடும் சேராதவை. உங்கள் அத்தைக்கு நகர்ந்திருக்கும் அந்தப் பகுதியில் அசைவு அதிகம், தேய்மானமும் அதிகம். ஆனால் லேசான நகர்வு மட்டுமே கால்வாயை இந்த அளவுக்குக் குறுக்குவது அபூர்வம். பின்பக்கத் தசைநார் தடித்து எலும்பாகவே மாறியிருக்கலாம், அது சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது என்பதால், சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கழுத்திலும் நெருக்கம் இருக்கலாம். முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

"சர்க்கரைதானே, அதனால்தான் கால் மரத்துப்போகிறது" என்று யாராவது முடித்துவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரையால் நரம்பு கெட்டால் கணுக்காலில் சுத்தியலால் தட்டும்போது அசைவு குறையும். தண்டுவடம் நசுங்கினால் முழங்காலில் தட்டியதும் கால் வழக்கத்தை விட வேகமாக உதறும். டாக்டர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் நடை தள்ளாடும்.

நீவி விடுபவரிடம் போகவே வேண்டாம். தேய்மானத்தில் நகர்ந்த எலும்பு கையால் அழுத்தித் திரும்பி வருவதில்லை. ஏற்கனவே நெருக்கத்தில் இருக்கும் தண்டுவடம் ஒரே அழுத்தில் செயலிழந்துவிடலாம். முதுகை மிதிப்பது, நெட்டி முறிப்பது எல்லாமே இதில் அடக்கம்.

ஆபரேஷனைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இடுப்பில் செய்வதை விட நடுமுதுகில் ஆபத்து அதிகம்தான். சிலருக்குக் கால் பலவீனம் கூடுவதும் உண்டு. நெருக்கும் எலும்பை அகற்றி, தேவைப்பட்டால் ஸ்குரூவும் கம்பியும் பொருத்துவார்கள். இதன் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் தடுப்பது. பழைய நடை எவ்வளவு திரும்பும் என்பது, போகும்போது கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே "கால் விளங்காமல் போய்விடுமோ" என்ற பயம் தள்ளிப்போடுவதற்கும் பொருந்தும். ஸ்கேனில் குறுகல் இருந்தும் நடையும் உணர்வும் சரியாக இருப்பவருக்கு நான் அவசரப்பட மாட்டேன். உங்கள் அத்தை அந்த வகையில் இல்லை.

இந்த வாரமே முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். திடீரென்று கால் துவண்டாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்களையும் அவை பதிவான சிடி வட்டையும் எடுத்துப் போங்கள்.