பாவு நின்ற வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கணவனைப் பிரிந்து குடியாத்தம் திரும்பும் கோமதியும், ஒரு காலத்தில் அவளை விரும்பிய ரவியும் சிரசுத் திருவிழாவில் எதிரெதிரே வந்து நிற்கும் இடம் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் காதல் எங்கே போயிற்று? நூல் விலை, தறிக்காரர்களின் முன்பணம், தம்பியோடு பங்குத் தகராறு என்றே போகிறது. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கோமதி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் தம்பியும் பகையாகியிருக்க மாட்டான், கதையும் நூறு பக்கம் முன்பே முடிந்திருக்கும். ஒரு லுங்கிக் கடையின் பங்கு அவளுக்கு அவ்வளவு பெரிதா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். கதை நூறு பக்கம் முன்பே முடிந்திருக்கும் என்பது சரிதான். ரவி மட்டும் வந்திருக்க மாட்டான்.

அவர்கள் முதல் தடவை எப்படிப் பிரிந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். லுங்கிக் கடை முதலாளியான கோமதியின் அப்பா சத்தம் போடவில்லை, ஆள் வைத்து அடிக்கவில்லை. ரவியின் அப்பாவுக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், கொடுப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். குடியாத்தம் பக்கத்து நெசவு வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. முதலாளி பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் தருவார். வீட்டுத் தறியில் நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. நடுவில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று வாங்கிய முன்பணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பாவு நின்றால் கூலி நிற்கும், முன்பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். ரவியின் அப்பா கடைத் திண்ணையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்க்காமலே “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்கிறார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு காதலை அந்தக் கடை முடித்துவைத்த விதம் இதுதான். அந்தக் கடையை விட்டுவிட்டு அதே காதலை மறுபடி எப்படித் தொடங்குவது?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோமதி கடையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் பாவு அனுப்புகிறாள். ரவி திருப்பி அனுப்பிவிடுகிறான். வீம்பு என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாவு கொடுக்கிறவளிடம் போய் ‘என்னைக் கட்டிக்கொள்கிறாயா’ என்று அவன் எப்படிக் கேட்பான்? அப்பா நிறுத்தியதை மகள் கொடுக்கிறாள், கை மாறவில்லை என்றுதான் அவனுக்குப் படும். அவன் மனசு மாற நூறு பக்கம் ஆகிறது. எனக்கு அது அதிகமாகப் படவில்லை.

இப்போது பத்திரம். கோமதியின் அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். கடையும் தறிக்கூடமும் அவரே சம்பாதித்தவை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மா, மகள், மகன் மூவருக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் எடுத்துவிட்டது. சட்டத்தில் இவ்வளவு இருந்தும், நம் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பத்திரம் தயாராகிவிடுகிறது. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் போக ஆட்டோ வந்து நிற்கும். அக்காவுக்குப் பட்டுப்புடவை, கொஞ்சம் ரொக்கம். நாவலில் அந்தப் புடவையின் விலைச்சீட்டைக் கிழிக்காமலே கொடுக்கிறார்கள், கவனித்தீர்களா?

கோமதி கையெழுத்துப் போட்டுவிட்டு அதே வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டால் அவளுக்குச் சோறு கிடைத்திருக்கும். யாரை வீட்டுக்குக் கூப்பிடுவது என்பதைத் தம்பிதான் முடிவு செய்வான். ரவி அந்தப் படியேற வேண்டுமென்றால் படியில் அவளுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

நூல் விலை அலுப்புத் தட்டியது என்கிறீர்கள். தட்டியிருக்கலாம், ஆனால் அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. 1985-ஆம் வருடக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் லுங்கியையும் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. நடைமுறையில் விசைத்தறி லுங்கியோடு விலையில் போட்டிபோட முடியாமல் கைத்தறி வீடுகள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்குப் போகின்றன. இந்த நிலையில் கடையில் பங்கு கேட்கிறாள் என்றால் கடனிலும் பங்கு கேட்கிறாள் என்று அர்த்தம். தம்பிக்கு அது புரிகிற இடத்தில்தான் அவன் கோபம் தணிகிறது.

சிரசுக் காட்சியை நீங்கள் ரசித்தது சந்தோஷம். வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது வெளியூரில் பிழைக்கிறவர்களும் ஊர் திரும்பிவிடுவார்கள். இத்தனை வருடம் ஒருவரையொருவர் தவிர்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் தப்ப முடியாது என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு குறை. தம்பி மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கோமதியோடு அதிகம் சண்டை போடுகிறவள் அவள்தான். ஆனால் ஆரணியில் தன் அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவளும் அவள்தான். ‘நான் போட்டேனே, இவளுக்கு மட்டும் என்ன?’ என்று அவள் அடுப்படியில் கேட்கும் கேள்விக்குக் கோமதியால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுத்த முறை எழுதினால் அவளைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்.