எண்ணெயை ‘விஷம்’ என்றேன். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது!

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ரீஃபைண்ட் பருத்தி விதை எண்ணெயில் சமைக்க ஆரம்பித்த சில நாட்களில் என் ஆறு வயது மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. விசாரித்தபோது அது மரபணு மாற்றிய பிடி பருத்தியின் எண்ணெய் என்றார்கள். கொதித்துப்போய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘இது விஷம், பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும், வாங்காதீர்கள்’ என்று ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டேன். எலிகளுக்குக் கட்டி வந்த படங்களையும் சேர்த்தேன். இப்போது 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் தனியார் ஆய்வுக்கூட அறிக்கை இருக்கிறது. உண்மையைச் சொன்னவளை மிரட்டலாமா? நான் எதிர்வழக்குப் போடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் பன்னாட்டு விதை நிறுவனங்கள், அரசின் அலட்சியம், கணவரின் கோபம் எல்லாம் வருகின்றன. நியாயமான கவலைகள்தான். 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரிக்காயை நிறுத்திவைத்தார். மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் இது எதுவும் உங்கள் வழக்குக்கு உதவாது. நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்த பிராண்டின் எண்ணெய் விஷம், இதனால் புற்றுநோய் வரும் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?

முடியாது. நிரூபிக்கும் பாரமோ சொன்னவர் தலையில்தான். கிரிமினல் அவதூறில் (பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை தண்டனை) உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும்.

‘இது மரபணு மாற்றிய பருத்தியின் எண்ணெயா? அப்படியானால் பாட்டிலில் ஏன் போடவில்லை?’ என்று கேட்டிருந்தால் உங்களை யாரும் அசைத்திருக்க முடியாது. மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் முகப்பில் ‘ஜிஎம்’ என்று அச்சிட வேண்டும் என்று 2013 முதல் பொட்டலப் பொருட்கள் விதிகளில் இருக்கிறது. மரபணு மாற்றிய உணவைப் பற்றிப் பேசும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் இருக்கிறது. அந்தக் கெட்டியான தரையை விட்டுவிட்டு இரண்டே வார்த்தைகளில் போய் மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையை எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடும். சாதாரண வாடிக்கையாளரும் உணவைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று சொல்லும், அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, ‘சோதனைக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறேன்’ என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. சோதிப்பவரும் அந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட உணவுப் பகுப்பாய்வாளராக இருக்க வேண்டும். நீங்களோ அடுப்படியில் திறந்து வைத்திருந்த பாட்டிலைக் கொடுத்திருக்கிறீர்கள். மேலும், சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏவும் புரதமும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதில் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தோம் என்றாலே சந்தேகக் கேள்விகள் வரிசைகட்டும். சரி, அறிக்கை அப்படியே ஏற்கப்பட்டது என்று வையுங்கள். அப்போதும் அது பிடி பருத்தி என்பது மட்டுமே நிரூபணமாகும். இந்தியாவில் விளையும் பருத்தியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதானே! ‘மதுரையில் இருக்கிறீர்களே, பருத்திப்பால் குடித்ததே இல்லையா?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எலிப் படங்கள் இன்னும் மோசம். அவை பிரான்சின் செராலினி குழு 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த படங்களாகத்தான் இருக்கும். அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2013-இல் திரும்பப் பெற்றது. 2014-இல் வேறொரு இதழில் மறுபடி வந்தது என்பதை நீங்கள் சொல்வதற்குள், திரும்பப் பெற்ற அறிவிப்பு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்றாவணமாகிவிடும். போதாக்குறைக்கு அந்த ஆய்வு மக்காச்சோளத்தைப் பற்றியது, பருத்தி எண்ணெயைப் பற்றியதே அல்ல.

இனி நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் செய்யும் காரியங்கள். முதல் வேலையாக, நோட்டீஸையே கேமராவில் காட்டி ‘மிரட்டுகிறார்கள் பாருங்கள்’ என்று இரண்டாவது வீடியோ போடுவார்கள். அது புதிய வெளியீடு, புதிய வழக்குக் காரணம்; கெட்ட எண்ணத்துக்கும் சாட்சி. அடுத்தது, கோபத்தில் தாங்களே பதில் எழுதுவது. ‘ஆமாம், நான்தான் போட்டேன், இனியும் போடுவேன்’ என்ற ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டியதில் பாதியை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாவது, வீடியோவை மட்டும் நீக்கிவிட்டு அதன் பிரதியை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவது. ‘ஃபார்வர்டுதானே செய்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018-இல் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் விழும் குழி வேறு. இணையத்தில் போட்டதை எந்த ஊரிலும் பார்க்கலாம் என்பதால் வழக்கு மதுரையில்தான் வரும் என்று இல்லை. வெளிமாநிலத்திலிருந்து சம்மன் வரும். ‘அவ்வளவு தூரம் யார் போவது?’ என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். நீங்கள் இல்லாமலேயே இடைக்காலத் தடை வரும், பிறகு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதன் பிறகு என்னிடம் வந்தால் பேச்சு நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றி மட்டும்தான்.

எதிர்வழக்கு வேண்டாம். பையனின் தடிப்புக்கு எண்ணெய்தான் காரணம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அப்படி ஆதாரம் கிடைத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் இருக்கிறது. இன்றைய நோட்டீஸுக்குப் பதிலடியாக அதைப் போட்டால் இரண்டுமே கெடும்.

சமரசமாகப் போங்கள். 50 லட்சம் என்பது பேரம் தொடங்கும் எண், அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் எதுவும் இல்லாமல், வீடியோவை நீக்கி ஒரு விளக்கம் வெளியிடுவதோடு முடிக்கப் பாருங்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் மன்னிப்பு வாசகத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘விஷம், புற்றுநோய் என்று சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்பது போதும். ‘தீய நோக்குடன் பொய் சொன்னேன்’ என்று எழுதித் தந்தால் அது கிரிமினல் புகாருக்கு நீங்களே தரும் ஒப்புதல் வாக்குமூலம். ‘மரபணு மாற்றிய உணவைப் பற்றி இனி எங்கும் பேச மாட்டேன்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். லேபிள் கேட்பது உங்கள் உரிமை. ‘என் குடும்பத்தாரும் நண்பர்களும் பகிர மாட்டார்கள்’ என்ற உறுதிமொழியும் கூடாது. அதை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டால், உங்கள் கொழுந்தனார் ஒரு நாள் பழைய வீடியோவைப் போட்டாலும் அவமதிப்பு மனுவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிவில், கிரிமினல் இரண்டையும் தொடர மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தந்த பிறகே விளக்கம் வெளியாக வேண்டும்.

நாளைக்கே உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். வீடியோவை எடுப்பதற்கு முன் அதன் முழுப் பிரதியையும் கீழே வந்த கருத்துகளையும் தேதியோடு சேமித்து அவரிடம் கொடுங்கள். நோட்டீஸ் வந்த தபால் உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதில் தரக் கெடு எப்போது முடிகிறது என்று கணக்கிட அது தேவைப்படும்.