முதல் சீசன் நாய்க்குட்டிக்கு

தம்பி, ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்துச் சூ ஃபால்ஸ் வந்திருக்கிறீர்கள், எட்டு மாத லாப்ரடார் வாங்கியிருக்கிறீர்கள். அரசு நிலத்தில் ஃபெசன்ட் என்ற கோழி இனப் பறவையின் வேட்டை சீசன் தொடங்கும் முதல் நாளே ஆபீஸ் நண்பர்களோடு அதைக் கூட்டிப்போகலாமா, என்ன துப்பாக்கி வாங்குவது, கறியை எப்படிச் சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கிக்குக் கடைக்காரரைக் கேளுங்கள். கறிக்கு மிளகு தூக்கலாக இருந்தால் போதும். நாயைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது மத்திய அரசு சட்டப்படி குற்றம். காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. "ஒரு தடவை சுட்டுப் பாரேன்" என்று நண்பர் தன் துப்பாக்கியை நீட்டினாலும் இதே சட்டம்தான். லைசென்ஸ் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். நம் ஆட்களில் பலர் வரி, வீட்டுக்கடன் எல்லாம் கரைத்துக் குடித்திருப்பார்கள், இதைச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சரி, நாய். முதல் நாள் வேண்டவே வேண்டாம். எல்லோருக்குமான சீசன் தொடங்கும் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்து மணி அடித்ததும் எல்லாப் பக்கமும் வெடிக்கும். நான் வந்த புதிதில் ஒருவர் தன் குட்டியை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு ஃபெசன்ட் சேவல் எழும்பியதும் ஏழெட்டுத் துப்பாக்கிகள் சேர்ந்தாற்போல் வெடித்தன. குட்டி ட்ரக்குக்கு அடியில் போய்ப் படுத்தது, சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தாலே நடுங்கும். நல்ல மோப்பம் உள்ள நாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் வீட்டில் ஒரு ஃபெசன்ட் இறக்கையை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். பறவையின் மேல் வெறி வந்தபிறகு, அது துரத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் சின்ன வெடிச்சத்தம். பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வாருங்கள். சீசன் ஜனவரி 31 வரை இருக்கிறது, அவசரமே இல்லை. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் கழிந்து ஒரு வாரநாளில், தனியாக, பொதுமக்கள் நடந்துபோய் வேட்டையாட விவசாயிகளிடம் மாநிலம் குத்தகைக்கு எடுத்த வாக்-இன் நிலம் ஒன்றுக்குப் போங்கள். கார் கதவை அறையாதீர்கள், நாயைக் கூப்பிட்டுக் கத்தாதீர்கள். அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் சேவல்கள் சத்தம் கேட்டதுமே சம்பங்கோரைக்குள் ஓடிவிடும். காற்று முகத்தில் அடிக்கும்படி நடங்கள். வால் ஆட்டம் திடீரென்று வேகமானால் கிட்டத்தில் பறவை இருக்கிறது. சேவலை மட்டும்தான் சுடலாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. தாழப் பறப்பதைச் சுடவே கூடாது, குட்டி அதன் பின்னாலேயே தாவும். நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் ஈரநிலங்களில் ஈயத் தோட்டா கூடாது, ஸ்டீல் போல நச்சில்லாததுதான்.

வீட்டுக்கு வந்ததும் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், காதுக்குள்ளும் பாருங்கள். ஃபாக்ஸ்டெயில் புல்லின் முள்விதை ஒரு பக்கமாகத்தான் நகரும். தோலுக்குள் ஏறினால் திரும்பி வராது, சீழ் வைத்துவிடும்.

இங்கே ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து குளிரைத் திட்டுகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நான் வந்து இறங்கியதும் ஜனவரியில்தான், ஒரு மெல்லிய ஜாக்கெட்டோடு. பேச ஆள் இல்லை. ரெட்ஃபீல்ட் பக்கத்து விவசாயி ஒருவர்தான் வயலுக்குக் கூட்டிப்போனார். இந்தப் பறவையின் பூர்வீகம் சீனா என்பதும், 1919-ல் இந்த மாநிலத்தின் முதல் சீசன் தங்கள் ஸ்பிங்க் கவுண்டியில்தான் நடந்தது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விருதுநகர்ப் பக்கம் தாத்தா வைத்திருந்த சிப்பிப்பாறை நாய் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தும் என்றேன். அவருடைய கிழட்டு லாப்ரடாரைக் காட்டி, இதுக்கு மூக்குதான் எல்லாம் என்றார். ட்ரக்கில் ஏறவே அதைத் தூக்கிவிட வேண்டும். வயலில் இறங்கியதும் தலையைத் தாழ்த்தி, புல்லைப் பிளந்துகொண்டு நேரே போனது. பின்னால் நடந்தே நான் கற்றுக்கொண்டேன்.

இப்போது என்னிடமும் வயதான நாய் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் ஒரு வாரநாள் லீவு போட முடிந்தால் எழுதுங்கள், உங்கள் குட்டி அதன் பின்னால் நடக்கட்டும். துப்பாக்கி என்னிடம் மட்டும் இருந்தால் போதும்.