லித்தியம் போடுபவருக்கு மூட்டுவலி மாத்திரை: கவனம் தேவை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பைபோலார் நோய்க்கு (மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் மனநோய்) இருபது வருடமாக இரவில் லித்தியம் 900 மி.கி. போட்டு நன்றாக இருந்தார். ஒரு மாதமாகக் கை பலமாக நடுங்குகிறது, தள்ளாடி நடக்கிறார், பேச்சும் குழறுகிறது. இடையில் முழங்கால் வலிக்கும் பிரஷருக்கும் புது மாத்திரைகள் ஆரம்பித்தோம். லித்தியம் அளவு 0.9, லேபில் நார்மல் என்கிறார்கள். லித்தியத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காபி டம்ளர் லேசாக ஆடுகிற நடுக்கம் லித்தியம் போடுபவர்களில் பலருக்கு உண்டு. தள்ளாட்டமும் குழறலும் சேர்ந்துவிட்டால் அது உடம்பில் லித்தியம் மிஞ்சியதற்கான அடையாளம். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நிரந்தரமாக நிறுத்துவதா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நச்சு அறிகுறி இல்லாதவர்கள் லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலேயே நோய் திரும்பலாம், தற்கொலை ஆபத்தும் கூடும். நிறுத்துவதானால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

‘நார்மல்’ என்று லேப் சொன்னதை நம்பாதீர்கள். ரிப்போர்ட்டில் அச்சாகும் 0.6 முதல் 1.2 வரை என்பது வயது பார்க்காத கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 0.8 வரை போதும். வயதானவர்களின் மூளை இதைவிடக் குறைந்த அளவிலும் பாதிக்கப்படலாம். லித்தியம் வெளியேற சிறுநீரகத்தைத் தவிர வேறு வழியில்லை. வயதாக ஆக அதன் வேகம் குறையும். ஐம்பது வயதில் சரியாக இருந்த 900 மி.கி. எழுபதில் அதிகமாகிவிடும். தசை மெலிந்தவர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருள்) சரியாக இருப்பதுபோலவே தெரியும், அதனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கையும் கேளுங்கள்.

இப்போது முழங்கால் வலிக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்ஸன் எல்லாமே சிறுநீரகம் வழியாக லித்தியம் வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் பிரித்துக் கொடுக்கிற ‘செட் மாத்திரை’யில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். அட்டை இல்லை, பெயர் இல்லை, பில் இல்லை. மருத்துவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? மூட்டுவலிக்கு வீடு தேடி வந்து விற்கிற மூலிகைப் பொடியிலும் வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் கலப்பதுண்டு. பெயர் தெரியாத எதையும் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்: இதயத்துக்காகப் போடும் 75 மி.கி. ஆஸ்பிரின். அதுவும் வலி மாத்திரைக் குடும்பம்தானே என்று பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிறிய அளவு லித்தியத்தைக் குறிப்பிடத்தக்கபடி ஏற்றாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், மாரடைப்பே வரலாம். இதய மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ அல்லது ‘சிஹெச்’ இருக்கிறதா பாருங்கள். ‘ஹெச்’ ஹைட்ரோகுளோரோதயசைடையும் ‘சிஹெச்’ குளோர்தாலிடோனையும் குறிக்கும். இரண்டும் லித்தியத்தை ஏற்றும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனாலப்ரில் ஆகியவையும் ஏற்றலாம். அம்லோடிபின் பெரும்பாலும் தொல்லை தராது. இதையும் நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பிரஷருக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதுகிறார்கள், அடுத்தவர் எழுதியதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. எத்தனை வருடமானாலும் இது மட்டும் மாறவில்லை. ஆகவே ‘லித்தியம் போடுகிறார்’ என்று ஒவ்வொரு முறையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் தவறு நடக்கிறது. கடைசி மாத்திரை போட்டு சரியாக 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரை போடுபவரானால் ரத்தம் கொடுத்த பிறகே அதைப் போட வேண்டும். லித்தியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும்; சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். தள்ளுபடியில் விற்கும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் லித்தியம் அளவு அநேகமாக இருக்காது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். டோஸ் மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்தும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

உப்பைத் திடீரென்று குறைத்தாலும் லித்தியம் ஏறும். வாந்தி, பேதி, காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றினாலும் அப்படியே. அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று உடனே மருத்துவரிடம் கேளுங்கள். வேறு மருந்துக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள்: வால்ப்ரோயேட்டும் கையை நடுங்க வைக்கும், குவெட்டியாபின் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கி விழவைக்கும். பல முதியவர்களுக்கு லித்தியத்தின் அளவைக் குறைத்து, வலி மருந்தை விலக்கினாலே பழைய லித்தியத்தைத் தொடர முடிகிறது.