சின்ன இடத்துக்கு வெந்நீர்ச் சூடு: கேள்வி-பதில்

புதுச்சேரியில் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே ரொம்ப இறங்குவதில்லை. மனுஷருக்கு ரூம் ஹீட்டர் வேண்டாத ஊர் இது. ஆனால் கோழிக்குஞ்சுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் காயாத துணிக்கும், மலையில் இருக்கிற வீட்டுக்கும் வேண்டியிருக்கிறது என்று இந்தத் தடவை வந்த கேள்விகள் சொல்கின்றன. எல்லோரும் "எத்தனை வாட் போடணும்?" என்றே ஆரம்பிக்கிறீர்கள். என் பதிலோ பெரும்பாலும் இன்னொரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது: உள்ளே கொடுக்கிற சூடு எந்த வழியாக வெளியே போகிறது?

50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் குண்டு பல்பு போட்டுச் சூடு கொடுக்கிறேன். ராத்திரி கரண்ட் போனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மிதிபட்டே நாலைந்து செத்துவிடுகின்றன. வெந்நீர்க் குழாய் ஓடவிட்டால் தாங்கும் என்கிறார்கள். சின்னதாக எப்படிச் செய்வது? — குறிஞ்சிப்பாடி வாசகர்

தாங்கும். பல்பு அணைந்த நொடியில் சூடும் நின்றுவிடும். தண்ணீர் அப்படி விடாது. ஆனால் குழாய், பம்ப் எல்லாம் வேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்துக்காகச் செய்கிற சாதனத்தைப் பம்பை நம்பி வைப்பதில் என்ன பிரயோஜனம்? பம்ப் இல்லாமல் வெந்நீர் தானாகச் சுற்ற வேண்டுமானால் ஹீட்டர் கீழேயும் சூடு விடும் குழாய் மேலேயும் இருக்க வேண்டும். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இருக்கும் புரூடருக்கு (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அமைப்புக்கு) கீழே ஹீட்டரை எங்கே வைப்பீர்கள்?

அதனால் தொட்டியையே கூரையாக்கிவிடுங்கள். 3 அடிக்கு 3 அடி, உள்ளே 2 சென்டிமீட்டர் மட்டுமே ஆழம் உள்ள தட்டையான பெட்டி. சுமார் 17 லிட்டர் பிடிக்கும். அதைக் குஞ்சுகளின் தலைக்கு மேலே சங்கிலியில் தொங்கவிடுங்கள். தண்ணீர் 50 டிகிரியில் இருந்தால் கீழ்த்தகடு 90 வாட் அளவுக்குக் கீழ்நோக்கிச் சூடு விடும். குஞ்சுக்கு 2 வாட் என்ற வழக்கமான கணக்கை ஒட்டித்தான் வருகிறது. கரண்ட் போனால் தண்ணீர் முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் 5 டிகிரி இறங்கும், அதற்கப்புறம் இன்னும் மெதுவாக. இரண்டு மணி நேரம் கவலையில்லை.

எலிமென்ட் 250 வாட் போதும். 28 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற இரண்டு மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும். குஞ்சு வருவதற்கு முன்னாலேயே போட்டுவைத்தால் சரி. 2 சென்டிமீட்டர் தண்ணீரில் எலிமென்ட் முழுசாக முங்காது என்பதால், பெட்டியின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 4 அங்குல ஆழத்துக்குச் சின்னதாக ஒரு குழி வைத்து அதில் பொருத்துங்கள். குழியில் சூடான தண்ணீர் தானே மேலேறித் தட்டு முழுக்கப் பரவும்.

பட்டறையில் தப்பு நடக்கிற இடங்கள் இரண்டு. முதலாவது, காற்றுக் குழாய். தண்ணீர் சூடேறும்போது இந்த அளவுத் தொட்டியில் 140 மில்லி வரை விரியும். அதற்காக மேலே ஒரு குழாய் வைத்து, வாய் திறந்த அரை லிட்டர் டப்பா ஒன்றைப் பொருத்த வேண்டும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அந்த டப்பாவை ஒரு அடி உயரத்தில் தூக்கி வைத்தால், அந்த ஓரடித் தண்ணீர் கீழ்த்தகட்டை 250 கிலோ எடை வைத்தது மாதிரி அழுத்தும். தகடு வயிறு ஊதிவிடும். டப்பா இரண்டு அங்குலத்துக்கு மேலே போகவே கூடாது. அப்படியும் 40 கிலோ அழுத்தம் இருக்கும்; அரை அடிக்கு ஒன்றாக உள்ளே கம்பித் துண்டு நிறுத்தி, மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் பிடித்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பளபளப்பு. எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகட்டில் செய்தால், பளபளக்கும் தகடு சூட்டைக் கதிராக விடாது. கீழ்ப்பக்கம் பெயின்ட் அடியுங்கள். கறுப்புதான் வேண்டும் என்றில்லை, வீட்டில் மிச்சம் கிடக்கிற எந்த நிற எனாமலும் சரி. ஒரு கோட்டிங் பெயின்ட் அத்தனை வித்தியாசம் செய்யும் என்று பட்டறைக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார். கையைக் கீழே காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்பக்கம் இரண்டு அங்குலத் தெர்மோகோல், அதற்கு மேல் பிளைவுட். இல்லாவிட்டால் சூடு பாதி மேலே போய்விடும். சுற்றிலும் சாக்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் திரை மாதிரி தொங்கவிடுங்கள். தண்ணீரோடு மொத்த எடை 30 கிலோவைத் தாண்டும், அதனால் சங்கிலி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 33 முதல் 35 டிகிரி. வாரா வாரம் 3 டிகிரி குறையும்படி சங்கிலியை ஏற்றிக்கொண்டே போங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு நன்றாகச் சொல்லும்: நடுவில் குவிந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம்.

பாத்ரூம் கேஸ் கீசரைக் கழற்றி, காளான் விதை போடும் சின்ன அறைக்குள் வைத்துச் சூடுபடுத்தலாமா? அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருக்கிறோம். — அரியாங்குப்பம் வாசகர்

கூடாது. அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் ஆக்ஸிஜன் குறையும், தீ அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, கண்ணெரிச்சலும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று யோசிப்பதற்குள் கால் துவண்டுவிடும். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போனவர்கள் திரும்பி வராத செய்தி வருஷா வருஷம் வருகிறது. கேஸ்தான் வேண்டும் என்றால் கீசர் அறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

அப்படியே வைத்தாலும் அளவு பொருந்தாது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் 10 கிலோவாட்டுக்கு மேல் சூடு தருகிறது. உங்கள் அறைக்குச் சில நூறு வாட் போதும். பற்றுவதும் அணைவதுமாகவே அதன் ஆயுசு முடிந்துவிடும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம். 1 லிட்டர் தண்ணீர், 1000 வாட் எலிமென்ட், சின்ன ரேடியேட்டர், ஃபேன் வைத்துக் கையடக்க ஹீட்டர் ஒன்று புராஜெக்ட் செய்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? — இலாசுப்பேட்டை மாணவர்

தம்பி, முதலில் ஒரு கணக்கு. 1 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 1000 வாட் என்றால் நாலு நொடிக்கு ஒரு டிகிரி. பம்ப் நின்றுபோனால் 27 டிகிரித் தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் கொதிக்கும். டேங்க் சின்னதாக ஆக ஆக, தப்பு நடந்தால் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. கச்சிதமாகச் செய்வதில் இருக்கிற சிக்கலே இதுதான்; ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அதனால் மூன்று காவல் வேண்டும். அன்றாட வேலைக்குத் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினதும் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) ஒன்று, 60 டிகிரிக்கு. அது ஒட்டிக்கொண்டால் கரண்டைத் துண்டிக்க 85 டிகிரியில் தனியாக ஒரு கட்-அவுட். கையால் அழுத்தினால்தான் திரும்ப வேலை செய்கிற ரகமாக இருக்கட்டும். மூன்றாவது, எந்த வால்வும் இல்லாமல் வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு குழாய். தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். இறுக மூடின டப்பாவில் அது நடந்தால் லேப் கூரையைத்தான் பார்க்க வேண்டும். நடுவர்களை அசத்துவதற்காகப் பிரஷர் சிஸ்டம் செய்யப் போகாதீர்கள்.

கூலரில் வரும் பம்பு வெந்நீருக்கானது இல்லை, சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். வெள்ளை பி.வி.சி. குழாயும் அதே கதை, வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. அல்லது காப்பர் போடுங்கள். ரேடியேட்டருக்குக் காயலான் கடையில் பழைய கார் ஹீட்டர் காயில் கிடைத்தால் போதும், ஆனால் அலுமினியம் காயிலைக் காப்பர் குழாயோடு நேராகச் சேர்த்தால் அலுமினியம் அரித்துவிடும். நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்தால் மட்டும் பிரச்சினை தீராது, தண்ணீரில் அரிப்புத் தடுப்புக் கூலன்ட்டும் கலக்க வேண்டும். சுற்றின் உச்சியில் காற்றுத் திருகு ஒன்று வையுங்கள். டெமோ அன்றைக்குப் பம்ப் ஓடியும் ரேடியேட்டர் சில்லென்று இருந்தால், உள்ளே காற்று அடைத்துக்கொண்ட ஏர் லாக்தான்.

கொடைக்கானலில் 10-க்கு 10 அறை, மேலே ஷீட் கூரை. டிசம்பரில் போய்த் தங்க முடியவில்லை. 15 லிட்டர் பாத்ரூம் கீசரிலிருந்து குழாய் இழுத்து அறையைச் சூடாக்கலாமா? — புதுச்சேரி வாசகர்

வெளியே 8 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் இருக்கிற இரண்டு செங்கல் சுவர் வழியாக 400 வாட், இடுக்கு வழியாகப் போகும் காற்றோடு 100 வாட், ஷீட் கூரை வழியாக மட்டும் 670 வாட். ஆக 1200 வாட் அளவுக்கு விடிய விடியக் கொடுக்க வேண்டும்; எட்டு மணி நேரத்துக்குப் பத்து யூனிட் பக்கம்.

கூரைக்கு அடியில் இரண்டு அங்குலத் தெர்மோகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டால் அந்த 670 வாட் 70 வாட்டுக்கு வந்துவிடும். மொத்தமும் பாதியாகிவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் அளக்காமல் ஆகாயத்தில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஹீட்டருக்கு வைத்திருக்கும் காசை முதலில் கூரைக்குச் செலவழியுங்கள்.

கீசர் விஷயத்துக்கு வருகிறேன். குளிக்கிற தண்ணீரையும் ரேடியேட்டரில் சுற்றுகிற தண்ணீரையும் ஒன்றாக விடக்கூடாது. பல மாதம் குழாயில் கிடந்த தண்ணீர் ஷவரில் வரும். சீலிங் போட்ட பிறகு மிச்சம் இருக்கிற 600 வாட்டுக்குக் கடையில் கிடைக்கும் ஆயில் ரேடியேட்டர் ஒன்றே போதும், குழாய் வேலை தேவையில்லை. கரண்டைத் தண்ணீரில் கொடுத்துச் சுற்றவிட்டாலும் நேராகக் கொடுத்தாலும் அதே யூனிட்தான். விறகு அடுப்போ சோலாரோ வைத்திருந்தால் வெந்நீர்ச் சுற்றுக்கு அர்த்தம் உண்டு. அடுப்பு வெளியே, குழாய் உள்ளே என்றால் புகையும் இல்லை.

சின்ன லாண்டரிக் கடை. மழைக்காலத்தில் துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை, ஈர வாடை வேறு. வெந்நீர்க் குழாய் வைத்த அலமாரி செய்தால் காயுமா? — கடலூர் முதுநகர் வாசகர்

காயும், ஆனால் அலமாரியை இறுக மூடினால் காயாது. நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். துணியிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக வழி வேண்டும். மழை நாளில் 26 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால், அதே காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினதுமே 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று துணியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கீழே குழாய், நடுவில் துணி, உச்சியில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். கீழே காற்று நுழைய நாலு விரல் இடைவெளி.

செலவு? ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்கவே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், வெளியே போகும் காற்றோடு போகிற சூட்டையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் அலமாரிக்குள் போவதற்கு முன்னால் டிரையரில் இரண்டு தடவை சுற்றி எடுங்கள். ஈரத்தைச் சூட்டில் விரட்டுவதைவிடச் சுற்றிப் பிழிவது எவ்வளவோ மலிவு. இரும்புக் குழாய் துருக் கறையைத் துணியில் விட்டுவிடும், அதை மட்டும் போடாதீர்கள்.

சோலார் பேனலை நேரடியாக எலிமென்டில் கொடுக்கலாமா? — வில்லியனூர் வாசகர்

கொடுக்கலாம், ஆனால் சாதாரணக் கீசர் தெர்மோஸ்டாட்டை நடுவில் போடாதீர்கள். அது ஏ.சி. கரண்டுக்குச் செய்தது. டி.சி.யில் விலகும்போது பொறி அணையாமல் நின்று முனை உருகி ஒட்டிக்கொள்ளும். டி.சி. ரிலே வைத்து இயக்குங்கள். ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வோல்டேஜ் 180-க்கு வந்துவிடுகிறது, ஹீட்டர் சூடே ஆவதில்லை. எலிமென்டும் வருஷத்துக்கு ஒன்று போகிறது. — தேவனாம்பட்டினம் வாசகர்

இரண்டும் வேறு வேறு நோய். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட் 180-ல் 1225 வாட்தான் தரும். எலிமென்ட் கெடவில்லை, காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. பெரிய எலிமென்ட் மாட்டிவிடாதீர்கள், வோல்டேஜ் திரும்பும்போது வயரிங் தாங்காது.

எலிமென்ட் போவதற்குக் காரணம் உங்கள் போர் தண்ணீர். கடலோரத்து உப்பு சூட்டோடு சேர்ந்தால் 304 ரக எஸ்.எஸ்.ஸில்கூடப் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும். சுண்ணாம்பு படிந்தால் எலிமென்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கிக் கம்பி வெந்துவிடும். குளிக்கிற கீசர் என்றால், டேங்குக்குப் பதிலாகத் தான் கரைகிற மெக்னீசியம் ராடை வருஷா வருஷம் கழற்றிப் பாருங்கள், கரைந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டுக்கு மட்டும் சுற்றுகிற தண்ணீர் என்றால் மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஒரு தடவை நிரப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று மாதா மாதம் மாற்றினால் மாதா மாதம் புதுச் சுண்ணாம்பும் புது ஆக்ஸிஜனும் உள்ளே போகும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் ஊற்றினால் போதும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள், ஓட்டையான எலிமென்ட் முதலில் கரண்டைத் தண்ணீருக்குத்தான் கொடுக்கும்.